மகளிர் குழுவில் மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்பது பற்றிப் பேசச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

கர்ப்பப்பைப் படத்தை விரித்து, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்று ஹார்மோன் பெயர்களோடு மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் "மாட்டைப் பிடிச்சுக் கட்டணும்" என்று எழுந்து போய்விடுவார்கள். நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குழுவில் தவணைக் கணக்கெல்லாம் எழுதி முடித்த பிறகு கிடைக்கும் அரை மணி நேரத்தில் இதைப் பல ஊர்களில் பேசியிருக்கிறேன். எனக்குக் கைகொடுத்தது ஒரு கேள்விதான்: "நடு ராத்திரியில எழுந்து உட்கார்றவங்க யார் யாரு?"

முதலில் சிரிப்பார்கள். அப்புறம் ஒரு அக்கா, "ஃபேனை அஞ்சுல வச்சாலும் எனக்கு முதுகு நனையுது, அவரு போர்வை குடுங்கிறாரு" என்பார். இன்னொருவர், காரணமே இல்லாமல் மருமகள் மேல் எரிந்து விழுவதாகச் சொல்வார். அதற்குப் பிறகு கூட்டத்தை அவர்களே நடத்திக்கொள்வார்கள். சினைப்பை ஓய ஆரம்பிக்கிறது, ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, அதனால் மூளையில் உடல் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் பகுதி சின்ன ஏற்ற இறக்கத்துக்கும் பதறிப்போய் வியர்வையைத் திறந்து விடுகிறது என்று அப்போது சொன்னால் ஏறும்.

யாரைக் கூப்பிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். நின்று போனவர்களை மட்டும் உட்கார வைத்துப் பேசினால் பாதிப் பலன்தான். நம் நாட்டில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. உடம்பில் மாற்றங்கள் அதற்குச் சில வருடம் முன்பே தொடங்கிவிடும். ஆகவே 40 வயதுக்காரர்கள் கட்டாயம் வர வேண்டும். கர்ப்பப்பை எடுத்தவர்கள் "எனக்கு எதுக்கு, அதான் எடுத்தாச்சே" என்று நழுவுவார்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்திருந்தால் ஆபரேஷன் அன்றிலிருந்தே மெனோபாஸ்தான். சினைப்பையை விட்டு வைத்திருந்தாலும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரலாம். அவர்களுக்குத்தான் இந்தக் கூட்டம் அதிகம் தேவை.

இனி முக்கியமான விஷயம். எது வயதோடு வருவது, எது டாக்டரிடம் காட்ட வேண்டியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் உங்கள் கூட்டம் வெற்றி. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "வயசானா அப்படித்தான்" என்று சொல்லியே நம் பெண்கள் பழகிவிட்டார்கள்.

ஒரு கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒரு அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "எங்க நாத்தனாருக்கு நின்னு நாலு வருசமாச்சு. போன மாசம் லேசா பட்டுச்சாம். உடம்பு மறுபடி தெம்பாகுதுன்னு அர்த்தமா?" நாளைக்கே நாத்தனாரைக் கூட்டி வாருங்கள் என்றேன். மறுநாள் தனியாகத்தான் வந்தார். நானும் நாத்தனார் எங்கே என்று கேட்கவில்லை. அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, கருப்பையின் உள்சவ்வில் துளி எடுத்துச் சோதித்ததில் ஆரம்பநிலைப் புற்றுநோய். ஆபரேஷனோடு சரியாகிவிட்டது.

இதைச் சொல்லும்போது கூடவே சொல்லுங்கள்: தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் காட்ட வேண்டும். இப்படி வருபவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனால் அந்தப் பத்தாவது ஆள் யார் என்று சோதிக்காமல் சொல்ல முடியாது.

நிற்பதற்கு முன்னால் தேதி முன்பின் ஆவது சகஜம். ஆனால் கட்டி கட்டியாகப் போய், துணி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் பெரும்பாட்டை "நிக்கப் போகுது, அதான் மொத்தமா கொட்டுது" என்று விட்டுவிடுகிறார்கள். அதோடு வரும் படபடப்பும் மூச்சு வாங்குவதும் பல நேரம் ரத்தசோகை. ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள், தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே எனக்கு ஒரு கோபம் உண்டு. "குழந்தை பெத்தாச்சு, இனி எதுக்கு, எடுத்துடலாம்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லும் இடங்கள் இருக்கின்றன. மாத்திரை இருக்கிறது, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. அதெல்லாம் பார்த்தாயிற்றா என்று கேட்கும் தைரியத்தைக் கூட்டத்தில் கொடுங்கள். தேவைப்பட்டால் எடுக்கத்தான் வேண்டும், அது வேறு.

எல்லோர் முன்னாலும் யாரும் கேட்காத ஒன்று பெண்ணுறுப்பு வறட்சி. எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு, கணவன் பக்கத்தில் வந்தாலே பயம். பெயர் சொல்லாமல் நீங்களே எடுத்துப் பேசிவிடுங்கள். இரவில் வரும் வியர்வை சில வருடங்களில் அடங்கும், இது தானாகப் போகாது. வழவழப்பு ஜெல் இருக்கிறது, டாக்டர் எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, இரண்டும் நன்றாக வேலை செய்யும். இருமினால் சிறுநீர் கசிகிறது என்பவர்களுக்கு, சிறுநீரைப் பாதியில் அடக்குவதுபோல் அந்தத் தசையை இறுக்கி விடும் பயிற்சியை உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிக் கொடுக்கலாம். யாருக்கும் வெளியே தெரியாது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யாதவர் இருந்தால், 50 வயதுக்கு மேல் நின்றவர் கடைசி மாதவிடாயிலிருந்து ஒரு வருடமும், அதற்கு முன் நின்றவர் இரண்டு வருடமும் கருத்தடையைத் தொடர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீளமாகப் பேச வேண்டாம், எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும், ஒரு நாளைக்குச் சுமார் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகு மாவில் 350 அளவுக்கு இருக்கிறது. களி கிண்டத் தெரிந்த கூட்டத்துக்கு அது போதும். "நாங்க நாள் முழுக்கக் காட்டுலதானே நிக்கிறோம்" என்பார்கள். உண்மைதான், அது எலும்புக்கு நல்லது. தையல், பீடி என்று உட்கார்ந்தே செய்பவர்கள்தான் நடக்க வேண்டும். இந்த வயதுக்குப் பிறகு மாரடைப்பு ஆபத்தும் கூடுவதால், மக்களைத் தேடி மருத்துவம் ஆட்கள் வீட்டுக்கு வரும்போது பிபி, சுகர் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மெனோபாஸ் தொல்லைகளுக்கு டாக்டர் தரும் ஹார்மோன் மாத்திரை பற்றிப் படித்த பெண் யாராவது கேட்பார். 2002இல் அமெரிக்காவில் அந்த மாத்திரை பற்றிய ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் பயம் அதிலிருந்து பரவியது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயதே 63. 60 வயதுக்குள், அல்லது நின்று பத்து வருடத்துக்குள், வேறு நோய் இல்லாதவர்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்பதுதான் இப்போதைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறைந்த பிரச்சினை உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்குக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சமாச்சாரமும் இல்லை.

முடிந்தால் அடுத்த கூட்டத்துக்கு மகனையும் மருமகளையும் வரச் சொல்லுங்கள். கணவர்கள் வந்தால் பின்வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பரவாயில்லை, காது கேட்கும்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை செய்துவிடுங்கள்: உங்கள் தாலுகா அரசு மருத்துவமனையில் மகப்பேறு டாக்டரம்மா எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வெளிநோயாளிகளைப் பார்க்கிறார், எந்த பஸ்ஸில் போனால் சீட்டு வாங்க நேரம் இருக்கும் என்று விசாரித்து, குழுவின் கணக்கு நோட்டு அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அந்த நோட்டைத்தான் வாரா வாரம் எல்லோரும் புரட்டுகிறார்கள்.