லூட்டி, சேட்டை, கலாட்டா: பெங்களூர்க்காரர்கள் கேட்டவை

மர்பி டவுன்: சார், நண்பர்களோடு நந்தி மலை போய் வந்ததை ஆபீஸ் வாட்ஸ்ஆப்பில் "செம லூட்டி" என்று போட்டேன். கூட வேலை பார்க்கும் கன்னடக்காரர் "யார் வீட்டில்?" என்று கேட்கிறார். கேலியா, நிஜமா?

இரண்டும்தான். கன்னடத்திலும் தெலுங்கிலும் லூட்டி என்றால் கொள்ளை. இந்தியின் லூட்டும் அதே குடும்பம். இங்கே கன்னட நாளிதழில் அரசுப் பணத்தைச் சுருட்டிய செய்திக்குத் தலைப்பில் வருகிற சொல் அது. நம்மிடம் வந்தபோது கொள்ளை கழன்று கும்மாளம் மட்டும் தங்கிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது வினைச்சொல். லூட்டி 'அடிப்போம்', 'செய்ய' மாட்டோம். அரட்டை, கும்மாளம், கூத்து எல்லாம் இப்படி அடிக்கிறவைதான். அதற்கெல்லாம் கூட்டு வேண்டும். சேட்டையும் குறும்பும் 'பண்ணுகிறவை', ஒற்றை ஆளே போதும். ஒரு பையன் ஸ்டூல் போட்டு ஏறி, பூஸ்ட் டப்பாவைத் தனியாக நக்கித் தீர்த்தால் சேட்டை. லீவுக்கு வந்த மாமா பையனும் அத்தை பெண்ணும் சேர்ந்து, ஒருத்தி வாசலில் காவல் நிற்க, பாட்டி கண்ணயர்ந்த நேரத்தில் அதே டப்பாவைக் காலி செய்தால் லூட்டி. டப்பாவைக் கழுவி மறுபடி அலமாரியில் வைத்திருந்தால் உயர்தர லூட்டி.

நண்பரிடம் கன்னடத்தில் "சக்கத் மஜா மாடித்வி" (செம ஜாலி பண்ணினோம்) என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: யாருக்காவது நிஜமாக நஷ்டம் என்றால் அதை லூட்டி என்று எழுதாதீர்கள்.

அல்சூர்: குறும்புக்கும் சேட்டைக்கும் என்ன வேறுபாடு?

சொல்கிறவரின் பொறுமைதான். பெற்றவள் "கொஞ்சம் குறும்பு" என்பாள், கீழ் வீட்டுக்காரர் "ஒரே சேட்டை" என்பார். பிள்ளை ஒன்றுதான்.

பழைய கதை இன்னும் சுவையானது. 2009-ல் உங்கள் ஏரிக்கரையில் சிலையாகத் திறக்கப்பட்ட வள்ளுவரையே கேளுங்கள். "பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும் வேந்தலைக்கும் கொல்குறும்பும் இல்லது நாடு" என்கிறார், 735-ஆம் குறளில். அரசனையே அலைக்கழித்து ஆளைக் கொல்லும் கூட்டத்துக்கு அன்று குறும்பு என்று பெயர். இன்று அது மூன்று வயதுக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிச் சொல்கிற சொல். அமர்க்களமும் இப்படித்தான், அமர் என்றால் போர். போர்க்களம் கல்யாண வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

சேட்டை, அசைவு அல்லது செயல் என்று பொருள்படும் 'சேஷ்டை'யிலிருந்து வந்தது. ஆழ்வார் பாட்டில் "சேட்டை தன் மடியகத்துச் செல்வம் பார்த்திருக்கின்றீரே" என்று வருமே, அது வேறு. அந்தச் சேட்டை மூதேவி, ஜ்யேஷ்டா. இரண்டையும் குழப்பி, குழந்தையைச் சேட்டை என்று திட்டினால் மூதேவி வந்துவிடுவாள் என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பயப்படாமல் திட்டலாம்.

இந்திரா நகர்: லூட்டி என்றால் என்ன சார்?

முதல் பதில்.

ஒயிட்ஃபீல்டு: ரவுடி அட்டகாசம் என்கிறோம், பிரியாணி அட்டகாசம் என்கிறோம். எது சரி?

இரண்டும் சரி. மூலத்தில் அட்டஹாசம் என்றால் பெருஞ்சிரிப்பு. ரவுடியும் சிரிப்பான், பிரியாணி சாப்பிட்டவரும் சிரிப்பார்.

ஸ்ரீராமபுரம்: கலாட்டா நம்ம சொல்லா, கன்னடமா? வீட்டில் பந்தயம் கட்டியிருக்கிறோம்.

பந்தயத்தை விடுங்கள், புழக்கத்தைப் பாருங்கள். கன்னட 'கலாட்டெ'யில் சத்தமும் சண்டையும்தான் முன்னால் நிற்கும். வகுப்பில் டீச்சர் "கலாட்டெ மாட்பேடி" என்றால் வாயை மூடு என்று அர்த்தம். தமிழில் ஒருவரைச் சீண்டி விளையாடுவதும் கலாட்டா. மாப்பிள்ளையைச் சுற்றி நின்று மச்சினிகள் பண்ணுவது அதுதான்.

ராஜாஜி நகர்: மன்னிக்கவும் சார், கன்னடத்திலும் சீண்டலுக்குச் சொல்கிறோம். நாங்கள் இரண்டு மொழியும் பேசுகிற வீடு.

உங்கள் வீட்டில் தமிழ் கலந்திருக்கிறது, அதனால்தான். வெளியே அந்த இடத்துக்குக் 'கீட்டலெ', 'தரலெ' என்று தனிச் சொற்கள் உண்டு.

ராஜாஜி நகர்: தரலெ என்றால் தொல்லை பிடித்த ஆள்!

ஆளுக்கும் வரும், அவன் செய்கிற வேலைக்கும் வரும். நம் 'வாலு' போல.

ஸ்ரீராமபுரம்: அப்போ பந்தயத்தில் யாருக்கு ஜெயம்?

யாருக்கும் இல்லை. இதற்கு மேல் கலாட்டா பற்றிக் கேட்டால் கலாட்டாதான்.

சிவாஜி நகர்: செய்தியில் "பேருந்தில் பெண்ணிடம் சில்மிஷம்" என்று போடுகிறார்கள். அதுவும் குறும்பு வகையா?

இல்லவே இல்லை. மேலே சொன்ன எச்சரிக்கை இதற்காகத்தான். கொள்ளையும் போரும் தேய்ந்து பிள்ளை விளையாட்டானால் யாருக்கும் கெடுதல் இல்லை. குற்றத்துக்கு விளையாட்டுப் பெயர் வைத்தால் செய்தவனுக்கு அது பாதி மன்னிப்பு. பாலியல் தொல்லை என்றே எழுதட்டும். "கல்லூரி மாணவர்கள் சேட்டை" என்று ராகிங்குக்குத் தலைப்பு போடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

ஜெயநகர்: லூட்டி தமிழ்ச்சொல்லா? பொருள் என்ன?

மேலே ஒரு முறை படித்துவிட்டுக் கேட்கக் கூடாதா?

கோரமங்கலா: ஐந்து வயது மகன், சேட்டை தாங்கவில்லை. வழி சொல்லுங்கள்.

நான் சொல்லுக்குப் பொருள் சொல்கிறவன், பிள்ளைக்கு மருந்து சொல்கிறவன் அல்ல. ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க் உள்ளே வண்டி விடுவதில்லை. கூட்டிப்போய் ஓடவிடுங்கள்.