எதைவிடக் குறைவு? – கடிதம்

அன்புள்ள அக்கா,

உடல்நலம் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவன் நான். வயது 36. பதினான்கு வருடமாகப் புகைக்கிறேன். இரண்டு வருடமாக வயிறு சரியில்லை. உப்புசம், சில நாள் மலச்சிக்கல், சில நாள் வயிற்றுப்போக்கு. ஒருமுறை சிகரெட்டை அடியோடு விட்டுப் பார்த்தேன். மலச்சிக்கல் தாங்க முடியாமல் போனது, எடையும் ஏறியது, மூன்றே வாரத்தில் திரும்பிவிட்டேன். இப்போது ஐந்து மாதமாகப் புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் கருவிக்கு மாறியிருக்கிறேன். இரவில் மட்டும் இரண்டு மூன்று சாதாரண சிகரெட். சிகரெட் குடல் பாக்டீரியாவைக் கெடுக்கும், சூடாக்கும் புகையிலை அந்த அளவுக்குக் கெடுக்காது என்று படித்தேன். என் குடல் பாக்டீரியா பழைய நிலைக்கு வர எத்தனை நாளாகும்? புரோபயாடிக் மாத்திரை உதவுமா? பெருங்குடல் புண் அழற்சி புகைப்பவர்களுக்குக் குறைவாகத்தான் வருகிறதாமே, அப்படியானால் புகையால் குடலுக்கு நன்மையும் உண்டா?

கே.

அன்புள்ள கே,

கொஞ்ச நாளாகவே இந்தக் கருவிகளைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டும் யோசித்துக்கொண்டும் இருக்கிறேன். உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து தொட்டது. ஆனால் முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். இரண்டு வருடமாக வயிறு மாறி மாறிப் படுத்துகிறது என்கிறீர்கள். ஒரு மருத்துவரைப் பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. புகைக்கும் கருவியை மாற்ற நேரம் இருந்திருக்கிறது, பாக்டீரியாவைப் பற்றிப் படிக்க நேரம் இருந்திருக்கிறது. குடல்நோய் மருத்துவர் ஒருவரிடம் போய் உட்கார நேரம் இல்லையா? மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ நாளைக்குத் தள்ளாதீர்கள்.

புரோபயாடிக் மாத்திரையை விடுங்கள். தினமும் புகையை உள்ளே அனுப்பிக்கொண்டே அதை ஈடுகட்ட மாத்திரை தேடுவதில் அர்த்தமில்லை.

பெருங்குடல் புண் அழற்சி விஷயம் உண்மைதான். புகைக்காதவர்களிடம் அது அதிகம் என்று 1982இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. அதே புகை, குரோன் நோய் என்ற இன்னொரு குடல் அழற்சியை மோசமாக்குகிறது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றைச் சொல்லாமல் விடுகிறவர்களிடம்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள். இந்த ஒரு நோய்க்காகப் புகைக்கச் சொல்லும் மருத்துவர் யாரும் இல்லை.

சரி, பாக்டீரியாவுக்கு வருவோம். பெருங்குடலில் வாழும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழப் பழகியவை. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைத் தின்று பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு முக்கியமான எரிபொருள் அதுதான். புகை நுரையீரலோடு நின்றுவிடும் என்று நினைக்கிறோம். நிற்பதில்லை. எச்சிலோடு விழுங்கப்படுகிறது, இரத்தத்தின் வழியாகவும் வருகிறது. நுரையீரலில் ஏறிய நிகோடின் இரத்தத்திலிருந்து இரைப்பையின் அமில நீருக்குள் கசிந்து அங்கே தேங்கும், பிறகு குடலுக்கு இறங்கும். கூடவே நச்சு உலோகங்கள், அழற்சி, குடல்சுவரின் சளிப்படலத்தில் மாற்றங்கள். வீடு மாறினால் குடியிருப்பவர்களும் மாறத்தானே செய்வார்கள்?

2013இல் சூரிச் ஆய்வாளர்கள் சிகரெட்டை நிறுத்திய பத்துப் பேரைச் சில வாரங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். நிறுத்தியபின் அவர்களுடைய குடல் பாக்டீரியாக்களின் கலவை கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறியது, வகைகளும் கூடின. சிறிய ஆய்வுதான். ஆனாலும் 'எத்தனை நாளாகும்' என்று கேட்கிற உங்களுக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது. மாற்றம் சில வாரங்களிலேயே தொடங்குகிறது. அவர்கள் நிறுத்தியவர்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வேறொன்றுக்கு மாறியவர்கள் இல்லை.

நீங்கள் பயந்த அந்த எடைக்கும் பாக்டீரியாவோடு தொடர்பு இருக்கலாம். 2021இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் எலிகளுக்குப் புகை கொடுத்து, பிறகு நிறுத்தினார்கள். எலிகள் எடை கூடின. ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்த எலிகள் அந்த அளவுக்குக் கூடவில்லை. ஆகவே உங்களுக்கு எடை ஏறியதை மனவலிமைக் குறைவு என்று நீங்களே உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. மலச்சிக்கலும் அப்படித்தான். நிகோடின் குடலை உந்திவிடும். அது நின்றதும் குடல் சோம்பும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகும். நீங்கள் மூன்றாவது வாரத்தில் திரும்பிவிட்டீர்கள். கடினமான பகுதியை ஏறக்குறைய கடந்த பிறகு திரும்பியிருக்கிறீர்கள் தம்பி, அதுதான் எனக்கு வருத்தம்.

இனி அந்தக் கருவி. எரியும் சிகரெட்டின் நுனி 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். சூடாக்கும் கருவிகள் 350 டிகிரிக்குள் நிற்கின்றன. எரியாததால் கார்பன் மோனாக்சைடும் வேறு பல நச்சுகளும் கணிசமாகக் குறைகின்றன. இதை மறுக்க மாட்டேன். ஆனால் அவை முழுவதும் போய்விடுவதில்லை, நிகோடினோ ஏறத்தாழ அப்படியே வருகிறது. அந்த நிகோடின் குடலில் சும்மா இருப்பதில்லை. புகைப்பவர்களின் குடலில் நிகோடின் சேர்கிறது, கல்லீரல் கொழுப்பு நோய் முற்றுவதற்கு அது துணைபோகிறது என்று 2022இல் நேச்சர் இதழில் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த நிகோடினைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியா மனிதக் குடலிலேயே இருப்பதையும் அவர்கள்தான் கண்டார்கள். பாக்டீராய்டிஸ் சைலானிசால்வன்ஸ் என்று பெயர். நம்மைக் கேட்காமலே நமக்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. அதற்கு நாம் செய்யக்கூடிய உதவி, சுமையை நிறுத்துவது.

'சிகரெட் அளவுக்குக் கெடுக்காது' என்கிறீர்களே, அதை எதோடு ஒப்பிட்டுச் சொன்னார்கள்? சிகரெட்டோடு. புகைக்காதவரின் குடலோடு யார் ஒப்பிட்டார்கள்? உலகத்திலேயே மோசமான நுகர்பொருளை ஒரு பக்கம் நிறுத்திவைத்தால் எதிர்ப்பக்கம் எதை நிறுத்தினாலும் அழகாகத்தான் தெரியும். இந்த வேலை இப்போது தொடங்கியது இல்லை. 1950இல் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்குமான தொடர்பை ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மக்கள் பயந்தார்கள். 1952இல் அமெரிக்காவில் கென்ட் என்ற சிகரெட் வந்தது. சிகரெட் வரலாற்றிலேயே உடல்நலத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு இருந்ததில்லை என்று விளம்பரம் செய்தார்கள். அதன் ஃபில்டருக்குள் என்ன இருந்தது தெரியுமா? ஆஸ்பெஸ்டாஸ். மூச்சோடு உள்ளே போனால் புற்றுநோயை உண்டாக்கும் கனிம நார். 1956 வரை அதை வைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் யார் என்று யோசியுங்கள். அலட்சியமானவர்கள் அதை வாங்கியிருக்க மாட்டார்கள். உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள், இன்னும் கொஞ்சம் பயந்திருந்தால் விட்டேவிட்டிருப்பார்கள் என்ற நிலையில் இருந்தவர்கள், அவர்கள்தான் வாங்கினார்கள்.

அப்புறம் 'லைட்' சிகரெட். என் அப்பா அதற்குத்தான் மாறினார். மருத்துவர் எச்சரித்திருந்தார், அப்பாவும் பயந்திருந்தார். அந்தப் பயத்தில் அவர் விட்டிருப்பார் என்றே இன்றும் நம்புகிறேன். லைட் என்று எழுதிய பெட்டி கையில் கிடைத்தது, பயம் போய்விட்டது.

அந்த சிகரெட்டின் ஃபில்டரைச் சுற்றி, உதட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுத் தள்ளி, ஊசிமுனை அளவு துளைகள் வரிசையாக இருக்கும். இழுக்கும்போது அவற்றின் வழியே காற்று புகுந்து புகையை நீர்க்கச் செய்யும். அதை அளக்கும் இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை, 2 விநாடி, 35 மில்லிலிட்டர் இழுக்கும். தார், அதாவது புகையிலுள்ள பிசுபிசுப்பான கரும்பொருள், குறைவு என்று எண் காட்டும். இயந்திரத்துக்கு விரலும் கிடையாது, உதடும் கிடையாது, நிகோடின் ஏக்கமும் கிடையாது. மனிதனுக்கு எல்லாம் உண்டு. அவன் ஆழமாக இழுப்பான், அடிக்கடி இழுப்பான், விரலாலோ உதட்டாலோ துளைகளைத் தெரியாமலே மூடிவிடுவான். லின் கோஸ்லோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் 1980களில் அணைத்த சிகரெட் துண்டுகளைச் சேகரித்து அவற்றின் கறையைப் பார்த்தார். துளை திறந்திருந்தால் ஃபில்டரின் நடுவில் மட்டும் பழுப்புப் பொட்டு, சுற்றி வெண்மை. மூடியிருந்தால் ஓரம்வரை ஒரே பழுப்பு.

அப்பாவின் சாம்பல் கிண்ணத்தைக் கழுவியது நான்தான். ஓரம்வரை பழுப்பு. அப்போது அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. கோஸ்லோவ்ஸ்கியைப் படித்தபோது அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. சிகரெட்டை இரண்டு விரலிடுக்கில் உள்ளே தள்ளி, உதட்டுக்கு மிக நெருக்கமாகப் பிடிப்பார். துளைகள் அந்த விரல்களுக்கு அடியில்தான் இருந்தன. "நான் லைட்தானே பிடிக்கிறேன்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார். லைட், மைல்ட் என்ற சொற்களைப் பெட்டியில் போடக் கூடாது என்று அமெரிக்கா தடைசெய்தது 2010இல். அதற்குள் ஒரு தலைமுறையே அதைப் பிடித்து முடித்திருந்தது.

உங்கள் கருவியும் லைட் சிகரெட்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. லைட் சிகரெட்டில் நச்சு குறைந்தது இயந்திரம் காட்டிய எண்ணில் மட்டும்தான். இங்கே பல நச்சுகள் உண்மையிலேயே குறைகின்றன. அப்படியிருந்தும் ஐகாஸ் என்ற புகையிலை சூடாக்கும் கருவி பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 ஜூலையில் என்ன அனுமதித்தது என்று பாருங்கள். உடம்புக்குள் போகும் நச்சுகள் குறையும் என்று சொல்லிக்கொள்ளலாம், அதுவும் சிகரெட்டிலிருந்து முழுமையாக மாறியவருக்கு. நோய் அபாயம் குறையும் என்று சொல்லிக்கொள்ள அனுமதி கிடைக்கவில்லை. நீங்கள் முழுமையாக மாறியவரும் இல்லை. இரவில் இரண்டு மூன்று என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே எனக்கு அதிகம் உறுத்தியது அந்த வரிதான். பகலெல்லாம் கருவியின் நிகோடின், இரவில் சிகரெட்டின் நிகோடினும் புகையும். உங்கள் குடல் இந்த ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட ஓய்வு பார்க்கவில்லை.

என்மேல் கோபம் வந்தாலும் பரவாயில்லை, இதைச் செய்யுங்கள். முதலில் அந்த இரவுச் சிகரெட்டுகளை நிறுத்துங்கள். மருத்துவரிடம் வயிற்றைக் காட்டும்போதே புகைப்பதை விடவும் உதவி கேளுங்கள். நிகோடின் ஒட்டுப்பட்டை இருக்கிறது, வரெனிக்ளின் போன்ற மருந்து இருக்கிறது. பட்டையிலும் நிகோடின்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் வாரங்கள் போகப்போக அளவைக் குறைத்து, ஒரு தேதியில் முடிப்பதற்காகத் தருவது அது. உங்கள் கருவிக்கு முடிவுத் தேதி என்று ஒன்றை யாரும் சொல்லவில்லை. மலச்சிக்கல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்குங்கள். தண்ணீரும் நார்ச்சத்தும் நடையும் போதவில்லை என்றால் சில வாரத்துக்கு மலமிளக்கி தருவார்கள், வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். போனமுறை மூன்றாவது வாரத்தில் திரும்பினீர்கள். இந்தமுறை நான்காவது வாரத்தில் இருந்துகொண்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா