கணினியில் சிமுலேஷன் செய்வது என்றால் என்ன? இலவசக் கருவிகள் போதுமா?

நேரத்தோடு மாறிக்கொண்டே இருப்பது இயங்கு அமைப்பு: சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டின் நீர்மட்டம், பேட்டைகளில் பரவும் டெங்கி. அது எப்படி மாறுகிறது என்ற விதியைக் கணினியிடம் கொடுத்து, சிறுசிறு நேரப் படிகளாக நகர்த்திப் பார்ப்பதே சிமுலேஷன்.

ஏன் படிப்படியாக? அடுத்த நொடியின் மாற்றம் இந்த நொடியின் நிலையைப் பொறுத்தது. பெரும்பாலான அமைப்புகளுக்கு ஒரே வீச்சில் விடை தரும் சூத்திரம் கிடையாது.

தேக்கா உணவங்காடியில் வாங்கிய தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். தேநீர் 80 டிகிரி, சுற்றுப்புறம் 30. நிமிடத்துக்கு அந்த வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு குறைவதாக வைத்துக்கொண்டால் 80, 75, 70.5 என இறங்கும். பைத்தான் என்ற இலவச நிரல்மொழியில் நான்கைந்து வரிகள் போதும். அதே விதியை 20 நிமிடப் படியாகப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 100 டிகிரி குறைந்து, முதல் படியிலேயே தேநீர் மைனஸ் 20 டிகிரிக்குப் போய்விடும்! விதியில் பிழையில்லை, படிதான் பெரிது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் மறக்கவே மாட்டார். பைத்தானுக்கான இலவச அறிவியல் நிரல் தொகுப்பான சைப்பையில் (SciPy) படியின் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி உண்டு. ஆனாலும் முதல் கணக்கை நீங்களே எழுதுங்கள். பல பாகங்கள் இணைந்த இயந்திரங்களுக்கு ஓப்பன்மாடலிகா (OpenModelica) என்ற இலவச சிமுலேஷன் மென்பொருள் பொருத்தம்.

இலவசக் கருவி என்றால் விடை துல்லியமாக இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். துல்லியம் உங்கள் விதியையும் படியின் அளவையும் பொறுத்தது, உரிமக் கட்டணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.