பழைய லான்ட்மாஸ்டர் உழவு மிசினின் சில்லு ஹப் (சில்லை அச்சோடு பிடித்து நிற்கும் வார்ப்பிரும்புக் குடம்) வெடித்துவிட்டது. ஒட்டலாமா, புதிதுதான் வாங்க வேண்டுமா?

இப்படி ஒருவர் கேட்டிருக்கிறார், படம் போடவில்லை. பரவாயில்லை, எங்கே வெடித்திருக்கும் என்று நானே சொல்கிறேன். சாவி, அதாவது ஹப்பையும் அச்சையும் பூட்டும் சின்ன இரும்புத் துண்டு, உட்காரும் வெட்டின் மூலையில் தொடங்கி வெளிப்பக்கம் ஓடும் ஒரு மயிர்க்கோடு. சில்லை ஆட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நாளாகவே கேட்டிருப்பீர்கள், உழவு முடியட்டும் பார்ப்போம் என்று விட்டிருப்பீர்கள். குறையாகச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் விட்டேன்.

எங்களுடையது அப்பா வாங்கிய மிசின். லான்ட்மாஸ்டர் என்பது உண்மையில் ஓர் இங்கிலாந்துக் கம்பனியின் பெயர், எங்களுடையது யப்பானில் செய்தது. ஆனால் இரண்டு சில்லு மிசின் எதுவானாலும் இங்கே லான்ட்மாஸ்டர்தானே. 2022 ஒக்டோபர், பெரும்போகத்து உழவு. திருகோணமலைத் தம்பலகாமத்தில் இரண்டரை ஏக்கர். இரும்புச் சில்லு மாட்டிச் சேற்றில் திருப்புகிறேன், வலது பக்கம் அச்சு சுற்றுகிறது, சில்லு அப்படியே நிற்கிறது.

பிழை என்னுடையதுதான். ஹப்பை அச்சில் இறுக்கும் செட் போல்ட் இளகியிருந்தது. போல்ட் இளகினால் சாவி ஆடும், சாவி ஆடினால் ஒவ்வொரு முறை கிளச் பிடிக்கும்போதும் உள்ளே ஒரு சுத்தியல் அடி. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, வெடிக்கும்.

பக்கத்துக் கராஜில் கொடுத்தேன். சாதாரண வெல்டிங் கூர் வைத்து அரை மணித்தியாலத்தில் ஒட்டித் தந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு முன்னரே திரும்ப வெடித்தது. ஒட்டு அப்படியே இருக்கிறது, ஒட்டுக்குப் பக்கத்தில் புதுக்கோடு! வார்ப்பில் கரி கூட, 2 வீதத்துக்கு மேல். குளிர்ந்த வார்ப்பில் நேரே ஒட்டினால் சூடு பட்ட விளிம்பு கண்ணாடி மாதிரி இறுகிப் போய்விடும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

டவுன் கடையில் ஹப் விலை கேட்டுவிட்டுப் பேசாமல் வந்தேன். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய வருசம் அது. கனடாவில் இருக்கும் அண்ணா போனில், "அந்தப் பழைய இரும்பை வித்துப்போட்டுப் புதுசா ஒன்று வாங்கன்" என்றார். காசு அனுப்புகிறேன் என்ற சொல் மட்டும் வரவில்லை. வயலையும் விற்கச் சொல்லித்தான் அவருடைய கதை எப்போதும் முடியும். அப்பா கடைசி இரண்டு வருசம் படுக்கையில் கிடந்தபோது யார் தூக்கிக் குளிப்பாட்டினது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. காணி உறுதியில் மட்டும் பங்கு சரிபாதி. சரி, அது வேறு கதை, விடுங்கள்.

ஹப்பை உரப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன். அங்கே லேத் (கடைசல் மிசின்) வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நானா ஒருவர், ஹப்பை வாங்கியதும் ஓரமாக ஒரு சின்னத் துளை போட்டார். "பாருங்க தம்பி, சுருள் வருதா?" வரவில்லை, கரித்தூள் மாதிரிக் கொட்டியது. இரும்புருக்கு (எஃகு) என்றால் சுருளும், வார்ப்பு என்றால் தூள். முதல் கராஜில் யாரும் இதைப் பார்க்கவே இல்லை.

பிறகு மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோக்குத் தூள் தூவினார். வெடிப்பு முடிகிற இடம் ஈரக்கோடாக எழுந்து வந்தது, நான் நினைத்ததைவிட ஒரு விரல் நீளம் கூட. அந்த முனையில் 3 மில்லிமீற்றர் துளை போட்டார், கோடு இனி ஓடாதாம். பழைய ஒட்டைக் கிரைண்டரால் தோண்டி எடுத்து, ஹப்பைச் சிரட்டைக் கரியில் நன்றாகச் சூடாக்கி, நிக்கல் கூரால் ஒட்டினார். ஒரு அங்குலம் ஒட்டுவார், சின்னச் சுத்தியலால் தட்டுவார், பொறுப்பார், பிறகு அடுத்த அங்குலம். முடிந்ததும் சாம்பலுக்குள் புதைத்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றார்.

ஆனால் என் மிசினைக் காப்பாற்றியது ஒட்டு அல்ல, வளையம். மறுநாள் ஹப்பின் கழுத்தை லேத்தில் 80 மில்லிக்குக் கடைந்து, இரும்புருக்கு வளையம் ஒன்றை அதைவிட 8/100 மில்லி சிறிதாக உள்கடைந்தார். வளையத்தை நீலம் பாயும்வரை சூடாக்கினார், அது ஏறக்குறைய 300 பாகை. அந்தச் சூட்டில் வளையம் கால் மில்லி விரியும். குறட்டால் தூக்கி வைத்ததும் சத்தமில்லாமல் வழுக்கி இறங்கியது. ஆறின பிறகு எந்த மனிதனும் கழற்ற மாட்டான், வெடிப்பை நாலு பக்கமும் நெரித்துப் பிடித்திருக்கிறது. சாவி வெட்டைச் சீர்செய்து புதுச் சாவியும் அடித்துத் தந்தார். அதற்குப் பிறகு மூன்று பெரும்போகம் உழுதாயிற்று.

இப்போது எஞ்சினியர்மார் வந்து, வெடித்த வார்ப்பை நம்பக்கூடாது என்பார்கள். தெரியும் ஐயா. நான் சொல்வது நடை வேகத்தில் போகும் மிசினுக்கு, ரோட்டில் ஓடும் வாகனத்துக்கு அல்ல. ஹப் துண்டு துண்டாகப் போயிருந்தாலோ வளையம் போடக் கழுத்தில் இடமில்லாவிட்டாலோ புதிதுதான் வாங்க வேண்டும். கஞ்சன் என்றும் சிலர் எழுதுவார்கள், எழுதட்டும்.

ஹப்பைக் கழற்றும்போது சுத்தியலால் அடிக்காதீர்கள். இரவு முழுக்க டீசல் ஊற விட்டுப் புள்ளர் போட்டு இழுங்கள். மாட்டிய பிறகு முதல் ஒரு மணித்தியாலம் உழுததும் நிறுத்திப் போல்ட்டை இன்னொரு தரம் இறுக்குங்கள். மற்றப் பக்க ஹப்பையும் கழற்றிச் சோக்குத் தூவிப் பாருங்கள். எங்களுடையதில் இடது பக்கமும் அதே மூலையில் கோடு விழத் தொடங்கியிருந்தது.