கிழிந்த காலணியையும் குப்பைப் பையையும் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏன் வாங்குகிறார்கள்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன்.

2022-இல் பலென்சியாகா என்ற ஆடம்பர ஃபேஷன் கம்பெனி ஒரு பை விற்றது. பார்வைக்கு அசல் குப்பைப் பை, வாயைச் சுருக்கிக் கட்டக் கயிறும் உண்டு. கன்றுத்தோலாம், அதனால் 1,790 அமெரிக்க டாலர். நம் காசுக்கு அப்போது ஏழாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல். இங்கே குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளிதான். நாலு மாதச் சம்பளத்துக்கு மேல் கொட்டி வாங்கினாலும், வீட்டில் யாரும் அதைக் குப்பை வண்டியில் போட்டுவிடாமல் காவல் இருக்க வேண்டும்.

அதே வருடம் கிழிந்து அழுக்கேறிய சப்பாத்தையும் 1,850 டாலருக்கு விற்றார்கள். நூறு ஜோடிதான் செய்தார்களாம். எங்கள் வேலைக்காட்டுப் பக்கம் வந்திருந்தால் தட்டுப்பாடே வந்திருக்காது.

எனக்குப் பிடித்தது 2017-இல் அமெரிக்காவின் நார்ட்ஸ்ட்ரோம் கடையில் வந்த ஜீன்ஸ். 425 டாலர், சேறு அப்பினாற்போல் இருக்கும். படத்தை அத்தையிடம் காட்டினேன். அவர் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். காய்ந்த பால் துணியில் பிடித்தால் லேசில் போகாது என்பதால் வேலைக்குத் தனிச் சட்டை வைத்திருந்தவர்.

"ஏன்டா, துவைச்சா போயிடுமா?"

"நெசச் சேறு இல்ல அத்தை. செஞ்சு ஒட்டுனது."

"அப்ப என் வெட்டுச் சட்டைக்கு எவ்வளவு தருவான்னு கேளு. அதுல இருக்கிறது நெசக் கறை."

அத்தைக்கு ஒரு சல்லியும் தர மாட்டார்கள். உங்கள் கேள்விக்குப் பதிலே அங்கேதான் இருக்கிறது. கறைச் சட்டையோடு அத்தை நகைக்கடைக்குள் போனால் காவலாளி மேலும் கீழும் பார்ப்பான். விலை உயர்ந்த காரிலிருந்து சேற்று ஜீன்ஸோடு இறங்குபவருக்குக் கதவைத் திறந்துவிடுவான். ஏழை என்று யாரும் நினைத்துவிட மாட்டார்கள் என்ற தைரியம் உள்ளவனுக்குத்தான் ஏழை வேஷம் அழகு. காசு அந்தத் தைரியத்துக்கு.

இன்னொன்று, நாம் சிரிப்பதும் அவர்கள் கணக்கில் உண்டு. உலகத்திலேயே விலை கூடிய குப்பைப் பையைச் செய்யும் வாய்ப்பை விடுவேனா, சர்ச்சை யாருக்குத்தான் பிடிக்காது என்று அதை வடிவமைத்த டெம்னாவே சொன்னார். காசில்லாமல் விளம்பரம் செய்கிறோம், நான் இப்போது செய்வதும் அதுதான்.

ரப்பரில் ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமென்றால் எங்கள் பக்கம் 'அடிடாஸ் கம்போங்' சப்பாத்து கிடைக்கும். ஜெர்மன் கம்பெனிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பால்மரம் வெட்டுகிறவர்கள் போட்டது, இப்போது மலை ஏறுகிறவர்களும் தேடி வாங்குகிறார்கள். சாக்ஸ் இல்லாமல் போடாதீர்கள், குதிகால் உரிந்துவிடும்.