அடுத்த பருவத்தில் புதிய சமயத் தாள்: எடுக்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஏற்காட்டில் குடியிருக்கிறோம். என் மகள் சேலத்தில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படிக்கிறாள். மூன்றாம் பருவப் பாடப்பட்டியலைத் திருத்தி, ‘உலகச் சமயங்கள்’, ‘தமிழகச் சமய வரலாறு’ என்ற இரண்டு தாள்களைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். இவற்றைக் கட்டாயம் எடுக்க வேண்டுமா? மதபோதனையாக இருந்துவிடுமோ என்றும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: தாளின் தலைப்பைவிட, அது பட்டியலில் எந்தப் பகுதியின் கீழ் வருகிறது என்பதையே முதலில் பாருங்கள். பகுதி 3-இல் முதன்மைப் பாடமாகவோ சார்புப் பாடமாகவோ இருந்தால் அதைத் தவிர்க்க வழியில்லை. அதன் மதிப்பெண் முதுகலைச் சேர்க்கை வரை கூடவே வரும். பகுதி 4-இல் துறைசாரா விருப்பப்பாடமாக இருந்தால் நிலைமை வேறு. அது பிற துறை மாணவர்களுக்கென்றே வைக்கப்படுவதால், வரலாற்றுத் துறையே நடத்தும் சமயத் தாளை வரலாற்று மாணவியான உங்கள் மகள் பொதுவாக எடுக்க முடியாது. தமிழ்த் துறையோ தத்துவத் துறையோ நடத்தினால் எடுக்கலாம். பலர் இதைக் கவனிக்காமல் பெயர் கொடுத்துவிட்டு, பிறகு அலுவலகத்துக்கும் துறைக்குமாக அலைகிறார்கள்.

மதபோதனை பற்றிய தயக்கத்துக்கு அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவே விடை தருகிறது. முழுக்க அரசு நிதியில் நடைபெறும் நிறுவனத்தில் சமய போதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில், அங்கு நடக்கும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ ஒப்புதல் இல்லாமல் எவரையும் பங்கேற்கச் சொல்லக் கூடாது. மகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்திருந்தால் அந்த ஒப்புதல் அவருடையது, உங்களுடையது அல்ல. சமயங்களைப் பற்றிப் படிப்பதை இந்தப் பிரிவு தடுக்கவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2002-இல் அருணா ராய் வழக்கில் தெளிவுபடுத்தியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவவியல் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகளே இருக்கின்றன. ஆகவே பாடத்திட்டத்தை வாங்கி, அலகுகளையும் அகமதிப்பீட்டு முறையையும் படித்துப் பாருங்கள். கோயிலையோ தேவாலயத்தையோ நேரில் பார்த்துக் கட்டுரை எழுதச் சொன்னால் அது களப்பணி. வழிபாட்டில் கலந்துகொள்வதற்கு மதிப்பெண் என்றால் துறைத் தலைவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

வரலாறு படிப்பவர் இத்தகைய தாளைத் தவறவிடக் கூடாது என்பது என் கருத்து. சேலத்தில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்டு வந்த சிலை புத்தருடையதே என்று, தொல்லியல் துறையின் அறிக்கையை ஏற்றுச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் கூறியது. தாமரைப் பீடத்தில் அமர்ந்த நிலை, தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட காது ஆகியவற்றைக் கொண்டு அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள், முனியப்பனாக அதை வழிபட்டு வந்தவர்களின் நம்பிக்கையை ஆய்வாளர் எப்படி அணுகுவது என்பவையெல்லாம் இந்தத் தாளில் விவாதிக்க வேண்டிய கேள்விகள். சேலம் மாவட்டத்திலேயே உள்ள தியாகனூர் புத்தர் சிலைகளும் ஏற்காட்டுச் சேர்வராயன் கோயிலும் எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. கட்டுரைக்குப் பொருள் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

இனி நேர அட்டவணை. துறைசாரா பாடத்துக்கு எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக ஒரு பாடவேளையை ஒதுக்குவது வழக்கம். அது கடைசி வேளையாக அமைந்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வீடு திரும்ப வேண்டியவருக்கு, மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில் சிரமம்தான். வகுப்பு முடிவதற்கும் பேருந்துக்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்த பிறகே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.

போதிய மாணவர்கள் சேராவிட்டால் புதிய தாளைக் கைவிட்டுவிடுவதும் உண்டு என்பதால், இரண்டாவது விருப்பத்தையும் எழுதிக் கொடுப்பது நல்லது. பட்டியல் திருத்தப்படும்போது தாளின் குறியீடும் மாறக்கூடும். தேர்வுக் கட்டணம் கட்டும் முன் விண்ணப்பத்தில் உள்ள குறியீட்டைப் புதிய பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய குறியீட்டோடு ஹால் டிக்கெட் வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.