சுமோ போட்டிகளை வைத்து ஆடும் கணிப்பு விளையாட்டில் ஜெயிக்க, புள்ளிவிவரம் மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. இதை நான் 2024 மார்ச் மாதம் பட்டுத் தெரிந்துகொண்டேன், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நீங்கள் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வீரர்களின் வெற்றி தோல்வியை எக்செல்லில் போட்டு, யார் யாரை எத்தனை தடவை ஜெயித்தார் என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தோக்கியோவில் நிஷிகசாயில் குடியிருக்கிறேன், மென்பொருள் வேலை. எங்கள் பிரிவில் 7 பேர் சேர்ந்து சில வருடங்களாக இதை ஆடுகிறோம். சுமோவின் மேல்மட்டப் பிரிவான மகுவுச்சியில் 42 பேர், நாளுக்கு 20 மல்யுத்தம் பக்கம் வரும். மறுநாள் யாருக்கு யார் என்ற பட்டியல் முந்தின நாளே வந்துவிடும். அதைப் பார்த்து ஜெயிப்பவருக்கு வெள்ளை வட்டம், தோற்பவருக்குக் கறுப்பு வட்டம் போட்டு இரவு 12 மணிக்குள் லைன் என்ற அரட்டைச் செயலியில் உள்ள எங்கள் குழுவுக்குப் படம் அனுப்ப வேண்டும். ஒரு சரியான கணிப்புக்கு ஒரு புள்ளி. 15 நாள் போட்டி முடிவில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கு மற்ற 6 பேரும் சுமோ வீரர்களின் சாப்பாடான சாங்கோ நாபே வாங்கித் தர வேண்டும்.

பணம் வைப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வந்து "இது சூதாட்டம்தானே" என்று யாராவது எழுதுவார்கள். ஜப்பானில் நண்பர்களுக்குள் என்றாலும் பணம் வைத்துப் பந்தயம் கட்டுவது குற்றம். அப்போதே தின்று தீர்க்கிற சாப்பாடு போன்றவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. 2010-இல் வீரர்கள் பேஸ்பால் சூதாட்டத்தில் சிக்கியபோது, அந்த ஜூலை நாகோயா போட்டியை ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்எச்கே நேரடியாக ஒளிபரப்பவே மறுத்துவிட்டது. நீங்களும் பணத்தைக் கொண்டுவராதீர்கள். வந்தால் ரசனை போய்விடும்.

எண்களால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் வாரத்தில் அவைதான் கைகொடுக்கும். மகுவுச்சியில் பட்டம் இல்லாதவர்களின் வரிசையான மைகஷிராவில் 1 முதல் 4 வரை இருப்பவர்களுக்கு ஆரம்ப நாட்களிலேயே உச்சப் பட்டக்காரர்களான யோகோசுனா, ஓசெகி எல்லாரோடும் மோத வேண்டி வரும். ஐந்தாம் நாள் ஒருவர் 1-4 (ஒரு வெற்றி, நான்கு தோல்வி) என்று இருந்தால் ஆள் சரியில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டாவது வாரம் அவருக்கு இளகின எதிராளிகள் வருவார்கள், வெள்ளை வட்டத்தைத் தைரியமாகப் போடலாம். அதற்கு நேர்மாறாக, அடிவரிசையில் இருந்துகொண்டு ஜெயித்துக்கொண்டே வருபவரை இரண்டாவது வாரம் மேலே இழுத்துப் பெரிய ஆட்களோடு கோத்துவிடுவார்கள். ஒரே பயிற்சிக்கூடத்து வீரர்கள் 15 நாளில் ஒருவரோடொருவர் மோத மாட்டார்கள் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

கடைசி நாள் 7-7 என்று நிற்பவர் தனி விஷயம். 8 வெற்றி வந்தால் தரவரிசை ஏறும், 7-இல் நின்றால் இறங்கும். மகுவுச்சியின் அடியில் இருப்பவருக்கு மாதம் 14 லட்சம் யென் சம்பளம், ஒரு படி கீழே ஜூரியோவில் 11 லட்சம், அதற்கும் கீழே மாதச் சம்பளமே கிடையாது. அந்த ஒரு வெற்றிக்கு ஒரு மனிதன் எப்படிப் பாய்வான் என்று யோசித்துப் பாருங்கள். 7-7 வீரர்கள் கடைசி நாளில் எதிர்பார்ப்பதை விட மிக அதிகமாக ஜெயிக்கிறார்கள் என்று டகன், லெவிட் என்ற பொருளாதார அறிஞர்கள் 2002-இல் கட்டுரை எழுதினார்கள். 2011-இல் பேசிவைத்து ஆடியது வெளியே வந்து அந்த மார்ச் ஒசாக்கா போட்டியே ரத்தானது. எல்லாம் உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லிச் சொல்லி இந்த விளையாட்டு முழுக்கவே நாடகம் என்பவர்கள் ஒரு நாளாவது மண்மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு நெற்றிகள் மோதும் சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சரி, 2024 மார்ச்சுக்கு வருகிறேன். ஒசாக்காவில் போட்டி. தாகெருஃபுஜி என்று 24 வயதுப் பையன், அஓமோரிக்காரர். மகுவுச்சியில் அதுதான் அவருக்கு முதல் போட்டி, மைகஷிரா 17, அதாவது பட்டியலின் அடி. தலைமுடி கூட முழுக்கொண்டை போடும் அளவு வளரவில்லை, சின்ன முடிச்சோடுதான் நின்றார். முதல் 11 நாளும் ஜெயித்தார். மகுவுச்சியில் நுழைந்ததும் தொடர்ந்து 11 வெற்றி என்பது 1960-இல் பெரும் வீரர் தைஹோ வைத்த கணக்கு, அதைத் தொட்டுவிட்டார். பத்தாம் நாள் ஓனோசாத்தோ, மறுநாள் ஓசெகி கொதோனோவாகா, இருவரும் விழுந்தார்கள். பன்னிரண்டாம் நாள் ஹோஷோரியூதான் தடுத்தார்.

எங்கள் ஆட்டத்தில் நான் முன்னால் இருந்தேன். எனக்கு அடுத்து ஒரே ஒரு புள்ளி பின்னால் எங்கள் பிரிவுப் பெரியவர். ஓய்வுக்குப் பிறகு ஒப்பந்தத்தில் மறுபடி வேலைக்கு வந்தவர், 65 வயது. அவர் எக்செல்லைத் தொட மாட்டார். பட்டியலை அச்செடுத்து, சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, தாளை மேசையில் வைத்து மேலிருந்து படமெடுத்து அனுப்புவார். தாளின் ஓரத்தில் அவருடைய தேநீர்க் கோப்பையின் ஈர வளையம் எப்போதும் இருக்கும்.

பதினான்காம் நாள், சனிக்கிழமை. தாகெருஃபுஜி அசனோயாமாவிடம் தோற்றார். தோற்றதோடு வலது கணுக்கால் திரும்பிவிட்டது. நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள், ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். என் மனைவி தொலைக்காட்சி முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தாகெருஃபுஜி 12-2, துரத்தி வந்த ஓனோசாத்தோ 11-3. மறுநாள் தாகெருஃபுஜிக்கு கோனோயாமா, ஓனோசாத்தோவுக்கு ஹோஷோரியூ.

அன்று இரவு தாளை எடுத்து உட்கார்ந்தேன். காலே ஊன்ற முடியாதவர் வரவே மாட்டார், வராவிட்டால் எதிராளிக்கு வெற்றி. வந்தாலும் கோனோயாமா நல்ல தள்ளுக்காரர். தாகெருஃபுஜிக்குக் கறுப்பு போட்டேன். வெற்றிக்கோப்பை கண்ணில் பட்டுவிட்ட ஓனோசாத்தோ விட மாட்டார் என்று அவருக்கு வெள்ளை. எல்லாம் கணக்குப்படி சரி. மனசு மட்டும் அந்தப் பையன் ஜெயிக்க வேண்டும் என்று கிடந்து அடித்துக்கொண்டது. மனசு ஒன்று சொல்ல, கை வேறொன்று எழுதியது. பெரியவரின் தாள் 11 மணிக்கு வந்தது. தாகெருஃபுஜிக்கு வெள்ளை. ஹோஷோரியூவுக்கு வெள்ளை. மற்ற எல்லாம் எங்கள் இருவருக்கும் ஒன்றே.

மறுநாள் தாகெருஃபுஜி வந்தார். வலது கணுக்காலைச் சுற்றிக் கட்டு. மேடையேறும்போது அரங்கம் போட்ட சத்தத்தில் வர்ணனையாளர் குரலே அமுங்கிவிட்டது. முதல் மோதலில் தள்ளிவிடவில்லை, இழுபறியாகத்தான் போனது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. அடித்து, தள்ளி, மறுபடி முன்னால் பாய்ந்து கோனோயாமாவைக் கீழே சாய்த்தார். 13-2. மகுவுச்சிக்கு வந்த முதல் போட்டியிலேயே கோப்பை என்பது 1914-க்குப் பிறகு, 110 வருடம் கழித்து. 3 சிறப்புப் பரிசுகளும் அவருக்கே. நான் அழுதேன். அதன் பிறகு நடந்த மல்யுத்தத்தில் ஓனோசாத்தோ தோற்றார். அதோடு நான் ஒரு புள்ளியில் பெரியவருக்குப் பின்னால் போனேன்.

சாப்பாட்டுக் காசுக்காக வருந்தவில்லை. மனசார ஜெயிக்கவேண்டும் என்று நினைத்த மனிதனுக்கு என் கையாலேயே கறுப்பு வட்டம் போட்டேன், அது இன்னும் உறுத்துகிறது. "எப்படி வெள்ளை போட்டீர்கள்" என்று பெரியவரிடம் கேட்டேன். "அந்தப் பையன் எல்லா நாளும் முன்னால் போய்த்தான் ஜெயித்தான். கணுக்கால் போனால் பின்னால் நகர்வதுதான் கஷ்டம். அவன் பின்னால் நகர்கிற ஆள் இல்லை" என்றார். இது எந்த எக்செல்லிலும் இல்லை. காயம் எந்த இடத்தில், அந்த இடம் அவருடைய ஆட்டத்துக்கு எவ்வளவு தேவை என்று அன்றிலிருந்து பார்க்கிறேன். இழுத்து, ஒதுங்கி ஜெயிப்பவருக்குக் கணுக்கால் போனால் கறுப்பு. நேரே தள்ளுபவருக்கு யோசித்துப் போடுவேன். தோள் என்றால் இதுவே தலைகீழ்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த மார்ச் மாதம் நாங்கள் வீடு மாற்றிக்கொண்டிருந்தோம். பிள்ளைக்குத் தனி அறை வேண்டியிருந்தது. தரகர் எங்கள் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். சம்பளம் சொன்னார், கம்பெனி சொன்னார், எல்லாம் சரி. "வெளிநாட்டவர்" என்றதும் அந்தப் பக்கம் பேச்சு முடிந்தது. ஒரே மத்தியானத்தில் இப்படி 4 வீடு. தரகர் ஒவ்வொரு தடவையும் எங்களிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். நாங்கள் யார், வீட்டை எப்படி வைத்துக்கொள்வோம் என்று ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரி கட்டுகிறோம், குப்பையை நாள் பார்த்துப் பிரித்துப் போடுகிறோம். "எல்லா ஊரிலும் உள்ளதுதானே" என்று சொல்லாதீர்கள், எல்லா ஊரிலும் அது வலிக்கிறது.

தாகெருஃபுஜி காயத்தோடு ஆடியது தவறு என்று சிலர் சொல்வார்கள், என் மனைவியும் அப்படித்தான் சொல்கிறாள். அதில் நியாயம் உண்டு. மே போட்டிக்கு அவரால் வர முடியவில்லை, ஜூரியோவுக்கு இறங்கிவிட்டார். செப்டம்பரில் அங்கே கோப்பை வாங்கிக்கொண்டுதான் மேலே ஏறினார்.

நீங்கள் ஊரில் இருந்தால் மகுவுச்சி மல்யுத்தங்கள் இந்திய நேரப்படி பகல் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்குள் முடிந்துவிடும். முதல் 5 நாள் எண்களை நம்புங்கள், அதற்குள் ஒவ்வொருவரின் கால்களையும் பார்த்துப் பழகிவிடுங்கள். பட்டியலின் அடியில் இருக்கிறார் என்பதற்காக யாரையும் ஒதுக்காதீர்கள். 2020 ஜனவரியில் தோக்குஷோரியூ, அதே ஜூலையில் தெருனோஃபுஜி, 2024-இல் இவர், மூவரும் மைகஷிரா 17-இலிருந்து கோப்பை வாங்கியவர்கள்.

பெரியவருக்கு வாங்கித் தந்த சாங்கோ நாபேயில் கோழிதான் போட்டிருந்தார்கள். சுமோவில் கை தரையில் பட்டால் தோல்வி; கோழி இரண்டு காலில் நிற்கும், கை ஊன்றாது, அதனால் வீரர்களுக்கு ராசி. அந்த மார்ச் 31-ஆம் தேதியோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. இப்போது சைத்தாமாவில் மகள் வீட்டில் இருக்கிறார். போட்டி நடக்கும் 15 நாளும் இரவு 11 மணிக்கு அவருடைய தாள் வந்துவிடுகிறது, ஓரத்தில் தேநீர்க் கோப்பையின் ஈர வளையத்தோடு.